'ஃபெடரல்' இறையியல்: கூட்டாட்சி அல்ல, உடன்படிக்கை

விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்டிஸ்ட் சபைகளின் வரலாற்றைப் பற்றித் தமிழில் வரும் உரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் 'கூட்டாட்சி இறையியல்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. 1689ஆம் ஆண்டின் பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கையைச் சார்ந்த கோட்பாட்டுக்கு '1689 கூட்டாட்சிவாதம்' என்று தலைப்பு வைக்கிறவர்களும் உண்டு. மூலத்தில் 'ஃபெடரல்' என்று இருக்கிறது, அரசியல் அகராதியில் அதற்குக் கூட்டாட்சி என்று பொருள், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இது முழுத் தவறு. படிக்கிறவர் மத்திய அரசையும் மாநில அரசையும் அல்லவா நினைப்பார்?

லத்தீனில் 'ஃபோய்டுஸ்' என்றால் உடன்படிக்கை. 17ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய, கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியலாளர்கள், கடவுள் மனிதரோடு செய்த உடன்படிக்கைகளை மையமாக வைத்து வேதத்தை விளக்கிய முறைக்கு அந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். நாடுகள் உடன்படிக்கை செய்து ஒன்றாக நிற்பதால் அரசியலிலும் அதே வேர் வந்து சேர்ந்தது. வேர் ஒன்று, பொருள் வேறு. ஆகவே 'ஃபெடரல் தியாலஜி' என்பது உடன்படிக்கை இறையியல். ஆதாமைக் 'கூட்டாட்சித் தலைவர்' என்று எழுதுவதும் இதே பிழைதான். ரோமர் 5ஆம் அதிகாரம் சொல்வது, ஒருவன் எல்லாருக்கும் பிரதிநிதியாக நின்றதை. உடன்படிக்கைத் தலைவர் என்றோ பிரதிநிதி என்றோ எழுதினால் போதும்.

சரி, கூட்டாட்சியை விட்டுவிட்டால் அடுத்து 'ஒப்பந்தம்' வருகிறது. 'உடன்படிக்கை பழைய வேதாகமத் தமிழ், இளைஞர்களுக்குப் புரியாது' என்கிறார்கள். உடன்படிக்கையும் உடன்படு என்பதிலிருந்து வந்ததுதானே, இரண்டும் இருதரப்பு இசைவுதானே என்றும் கேட்கிறார்கள். வேரை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கு. வீட்டு வாடகை, சாலைப்பணி, கூலி எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் போடுகிறோம். பேரம் பேசி, இருவரும் கையெழுத்திட்டு, காலம் முடிந்ததும் விலகிக்கொள்கிறோம். ஆதியாகமம் 15ஐ வாசித்துப் பாருங்கள். மிருகங்கள் இரண்டாகத் துண்டிக்கப்பட்டுக் கிடக்கின்றன, ஆபிராம் அயர்ந்த நித்திரையில் இருக்கிறான், புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடக்கின்றன. எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். இதில் பேரம் எங்கே? கிரேக்கத்திலும் இருதரப்பு இசைவுக்கு 'சுந்தேகே' என்ற சொல் இருந்தும், வேதாகமத்தில் நிற்பது 'தியதேகே', ஒருவர் தாமே வகுத்து வைப்பது. அதற்கு உயில் என்ற பொருளும் உண்டு. அதனால்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு எபிரெயர் 9:15இல் 'உடன்படிக்கை' என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே 'மரணசாசனம்' என்கிறது. எவ்வளவு கவனமான வேலை! சாசனம் வடசொல், உடன்படிக்கை தமிழ் என்பதற்காக நான் பின்னதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தலைமுறைகளாக வேதம் வாசித்தவர்களின் காதில் இந்தப் பொருளோடு ஊறிப்போன சொல் அது ஒன்றுதான்.

இது சொல்லோடு முடிகிற விஷயம் இல்லை. 1677இல் எழுதப்பட்டு 1689இல் லண்டனில் கூடிய சபைகள் ஏற்றுக்கொண்ட பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கை, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத் தழுவியது. ஆனால் 7ஆம் அதிகாரத்தில் ஒரு முக்கிய மாற்றம். கிறிஸ்துவின் மூலம் பாவிகளை இரட்சிப்பதாகக் கடவுள் செய்த கிருபையின் உடன்படிக்கை ஒன்றே, அது மோசேயின் நியாயப்பிரமாண காலத்தில் ஒரு விதமாகவும் சுவிசேஷ காலத்தில் இன்னொரு விதமாகவும் வழங்கப்பட்டது என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். அது ஆதாமுக்கு வாக்குத்தத்தமாக வெளிப்பட்டு, படிப்படியாகத் தெளிவாகி, புதிய ஏற்பாட்டில் முழுமையாக விளங்கியது என்று எழுதினார்கள். 1681இல் பாப்டிஸ்ட் போதகர் நெகேமியா காக்ஸ் ஆபிரகாம் வரையிலான உடன்படிக்கைகளை விளக்கினார். மோசேயின் உடன்படிக்கையை ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஓவன் எபிரெயர் விளக்கவுரையில் எழுதிவிட்டார் என்று அதோடு நிறுத்திக்கொண்டார். ஓவனோ குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றவர்! பாப்டிஸ்ட்கள் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து குழந்தை ஞானஸ்நானத்தை மட்டும் கழித்தவர்களா, அல்லது தங்களுக்கென்று ஓர் உடன்படிக்கை இறையியல் உடையவர்களா, அவர்களுக்குச் 'சீர்திருத்த' என்ற அடைமொழி பொருந்துமா என்று இன்றும் நடக்கும் வாக்குவாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. '1689 ஃபெடரலிசம்' என்பது அதில், தங்களுக்கென்று ஓர் உடன்படிக்கை இறையியல் உண்டு என்கிற தரப்பின் பெயர். அதைக் கூட்டாட்சிவாதம் என்று எழுதினால் வாக்குவாதம் எதைப் பற்றியது என்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகிறது. '1689 உடன்படிக்கைக் கோட்பாடு' என்று எழுதலாம்.

'ஒரே உடன்படிக்கை, இரண்டு நிர்வாகங்கள்' என்று எழுதுவதும் இதே அவசரத்தால்தான். நிர்வாகம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் உரியது. ஒரே உடன்படிக்கை இரண்டு விதமாக வழங்கப்பட்டது என்றால் யாருக்கும் புரியும். அப்புறம், ஆங்கிலத்தில் 'பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட்' என்று இருப்பதற்கு எழுதுகிற 'தனிப்பட்ட பாப்டிஸ்ட்கள்'. கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மரித்தார் என்று நம்பியதால் வந்த பெயர் அது. எல்லாருக்காகவும் மரித்தார் என்றவர்கள் பொது மீட்பு பாப்டிஸ்ட்கள் என்றால், இவர்கள் குறித்த மீட்பு பாப்டிஸ்ட்கள். 'தனிப்பட்ட' என்று போடுகிறவர்கள் ஒரு சபைப் பிரிவின் உபதேசத்தையே பெயரிலிருந்து அழித்துவிடுகிறார்கள்.