ரசிகர்கள் சந்தேகப்பட்டதும், சந்தேகப்படாமல் விட்டதும்

2014 நவம்பரில் வெளியான 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சிக்கு அது மறக்க முடியாத அனுபவம். இன்னொரு கட்சிக்கு அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு 169 நிமிடம் காதில் பூச்சுற்றும் படம். ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பூமியில் ஏழு வருடம் ஓடிவிடுமா? முழங்கால் ஆழத் தண்ணீரில் மலை உயரத்துக்கு அலை எப்படி எழும்? வசனமே கேட்காதபடி இசையை எதற்கு இப்படி அலறவிட வேண்டும்? 2025 பிப்ரவரியில் இந்தியாவில் மறுபடி வெளியானபோது ஐமேக்ஸ் டிக்கெட்டுக்குப் பெரிய போட்டி இருந்தது. அதே கேள்விகளும் கூடவே திரும்பி வந்தன.

இவற்றை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ரசிகர்கள் நம்ப மறுத்த இடங்களில் இயற்பியல் உறுதியாக நிற்கிறது. அவர்கள் கண் கொட்டாமல் பார்த்து ரசித்த இடங்களிலும், கவனிக்காமல் விட்ட இடங்களிலும்தான் அது வளைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அந்த ஏழு வருடக் கணக்கு. பொருளின் ஈர்ப்பு எங்கே அதிகமோ அங்கே காலம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. நம் கைபேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரங்கள் தினமும் 45 மைக்ரோவினாடி முந்துகின்றன. வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோவினாடி பிந்துகின்றன. நிகரமாக 38 மைக்ரோவினாடி முந்தல். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் நாம் நிற்கும் இடம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். ஆக, காலம் இடத்துக்கு இடம் மாறும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு மாற முடியும் என்பதுதான் கேள்வி.

ஒரு மணிக்கு ஏழு வருடம் என்றால் காலம் ஏறத்தாழ 61,000 மடங்கு நீள வேண்டும். படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக 2017-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே தோர்ன்தான். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் இந்த ஏழு வருடத்தைக் கேட்டபோது, முடியாது என்பதே அவருடைய முதல் எண்ணம். நோலன் விடவில்லை, கதைக்கு அது கட்டாயம் வேண்டும் என்றார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று தோர்ன் உட்கார்ந்தார்.

அவருடைய முதல் எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. படத்தில் விண்வெளி வீரர்கள் இறங்கும் அந்த அலைக் கிரகம் ஒரு கருந்துளையைச் சுற்றுகிறது. முதலில் சுழலாத கருந்துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத அதன் எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். அதைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் எந்தக் கிரகமும் நிலையாகச் சுற்ற முடியாது. சற்றே தடுமாறினாலும் சுருண்டு உள்ளே விழுந்துவிடும். அந்தக் கடைசிப் பாதுகாப்பான வட்டத்தில் காலம் எவ்வளவு மெதுவாகும் தெரியுமா? அங்கே ஒரு மணி நேரம் என்றால் தொலைவில் இருப்பவருக்கு ஒரு மணி 25 நிமிடம். அவ்வளவுதான். ஏழு வருடம் எங்கே, 25 நிமிடம் எங்கே. படம் வந்த புதிதில் வானியலாளர் பில் பிளேட் இந்த வழியில்தான் யோசித்து, அந்தக் கிரகமே சாத்தியமில்லை என்று கடுமையாக எழுதினார். கருந்துளை சுழல்வதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரிந்ததும் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு இன்னொரு கட்டுரை எழுதினார். விஷயம் தெரிந்தவரே இதில் தடுமாறினார் என்றால் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்பாமல் போனதில் வியப்பில்லை.

சுழற்சி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே தன்னோடு சேர்த்து இழுத்துச் சுழற்றுகிறது. பூமியும் இதை மிக மிகச் சிறிய அளவில் செய்கிறது. 'கிராவிட்டி புரோப் பி' செயற்கைக்கோள் அதை அளந்து 2011-இல் உறுதி செய்தது. கருந்துளை சுழலும் அதே திசையில் கிரகமும் சுற்றினால், இழுபடும் வெளி அதற்குத் துணையாகிறது. அதனால் உள்ளே விழாமல் நிகழ்வெல்லைக்கு மிக அருகே வரை போக முடிகிறது. எவ்வளவு அருகே போகிறதோ அவ்வளவு காலம் நீளும். இந்தச் சுழலும் கருந்துளைக்கான சமன்பாட்டுத் தீர்வை 1963-இல் கண்டுபிடித்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தன் பிற்கால ஆய்வில் பல வருடங்களை இந்தத் தீர்வின் கணிதத்துக்கே கொடுத்தார். 1983-இல் அதைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார்.

தோர்னின் விடை இது: கருந்துளையின் சுழற்சி, இயற்கை அனுமதிக்கும் உச்ச அளவைவிடக் கோடி கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாக இருந்தால் ஏழு வருடம் வந்துவிடும். விதி மீறப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு கருந்துளை நிஜத்தில் உருவாவது மிகக் கடினம். இதைச் சொன்னவரும் தோர்ன்தான். விழும் வாயு வெளியிடும் ஒளியில், சுழற்சிக்கு எதிர்த்திசையில் வரும் கதிர்களைக் கருந்துளை கூடுதலாக விழுங்குகிறது; அது அதன் சுழற்சிக்குத் தடை போடுகிறது; அதனால் உச்ச அளவில் 0.998 பங்கை எட்டியதும் சுழற்சி அதற்கு மேல் ஏறாது என்று அவர் 1974-இலேயே காட்டியிருந்தார். தன் பழைய முடிவைத் தானே ஒதுக்கிவைத்துவிட்டு, விதிகளின் விளிம்பில் ஓர் இடம் இருக்கிறது என்று நோலனுக்குக் காட்டினார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. நடக்கக் கூடியது எது, நடக்க வாய்ப்பு மிகக் குறைவானது எது என்பதை அவர் கடைசி வரை கலக்கவே இல்லை.

அடுத்தது அலை. அதற்கு முன்னால், கருந்துளையின் அவ்வளவு அருகே போன கிரகம் ஏன் பிய்ந்து போகவில்லை என்று பார்த்துவிடலாம். ஒரு பொருளின் அருகாமைப் பக்கத்தை ஈர்ப்பு அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் பொருள் நீட்சி அடைகிறது. நம் கடலில் ஓதம் ஏறி இறங்குவதற்கும் இதுதான் காரணம். கருந்துளைகளில் ஒரு விசித்திரம்: நிறை பெருகப் பெருக, நிகழ்வெல்லை அருகே இந்த நீட்டும் விசை குறைகிறது. நிறை பத்து மடங்கானால் விசை நூறில் ஒரு பங்காகிவிடும். சூரியனைப் போல பத்து மடங்கு நிறையுள்ள கருந்துளை, நெருங்கி வருபவரை எல்லைக்கு வெளியிலேயே நூலாக இழுத்துவிடும். படத்தில் வரும் கருந்துளையான கர்காஞ்சுவாவின் நிறை 10 கோடி சூரியன்கள். அதைவிடக் குறைந்தால் கிரகம் உடைந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் தோர்ன் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

உடையாவிட்டாலும் கிரகம் கருந்துளையை நோக்கி நீண்டுதான் இருக்கும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல அதுவும் ஒரே முகத்தைக் கருந்துளைக்குக் காட்ட வேண்டும். அந்த நிலையில் சின்னஞ்சிறு பிசகு இருந்து, கிரகம் இப்படியும் அப்படியுமாக லேசாக ஆடினால், கைவீசி நடப்பவர் கையிலுள்ள வாளித் தண்ணீர்போல மொத்தக் கடலும் தளும்பும். ஒரு பக்கம் தண்ணீர் வடிந்து முழங்கால் ஆழமாகும். மறுபக்கம் மலையாகக் குவியும். படத்தில் இரண்டு அலைகளுக்கு இடையில் உள்ள நேரமும் அந்த ஆட்டத்தின் கால அளவுக்குப் பொருந்துகிறது என்று தோர்ன் விளக்கியிருக்கிறார். ஆழமில்லாத தண்ணீரில் பெரிய அலை என்ற முரண்பாடு இங்கே முரண்பாடே இல்லை. ஆழம் குறைந்ததே அந்தத் தண்ணீர் அலைக்குப் போய்விட்டதால்தான்.

வசனம் கேட்கவில்லை என்ற புகார் மட்டும் முழுக்க நியாயமானது. அமெரிக்கத் திரையரங்கு ஒன்று, எங்கள் ஒலிக்கருவியில் பழுது இல்லை, படமே இப்படித்தான் என்று அறிவிப்பு ஒட்ட வேண்டி வந்தது. சில இடங்களில் பேச்சை இசைக்குள் அமிழ்த்தியது வேண்டுமென்றே செய்தது என்று நோலன் விளக்கம் கொடுத்தார். ஹான்ஸ் ஜிம்மரின் இசை லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் பெரிய குழல் ஆர்கனில் பதிவானது. அதன் அடித்தொனிகள் நெஞ்சில் அதிரும். நம் உட்காதில் காக்ளியா என்ற நத்தை வடிவ உறுப்பு இருக்கிறது. அதன் வாசல் பக்கம் உயர்ந்த சுருதிக்கும் உள்முனை தாழ்ந்த சுருதிக்கும் அசையும். தாழ்ந்த ஒலியின் அலை உள்முனைக்குப் போக வேண்டுமானால் உயர்ந்த சுருதிப் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே பலத்த அடித்தொனி, மேல் சுருதி ஒலிகளை மறைத்துவிடும். மேல் சுருதி ஒலி அடித்தொனியை அந்த அளவுக்கு மறைக்காது. பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் மேல் சுருதியில் இருப்பவை, பலமும் குறைந்தவை. முதலில் அடிபடுவது அவைதான். தாய்மொழியல்லாத மொழியை இரைச்சலுக்கு நடுவே புரிந்துகொள்வது இன்னும் சிரமம். அதனால் நம் ஊரில் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாகவே இருந்திருக்கும். காது கேட்கும் விதத்தை மீறி எந்தக் கலைநோக்கமும் வேலை செய்யாது என்பதே என் கருத்து.

இனி, எல்லோரும் கொண்டாடிய அந்தக் கருந்துளைக் காட்சிக்கு வருவோம். கருப்பு வட்டம், அதன் குறுக்கே ஒளிரும் கோடு, மேலும் கீழும் வளைந்த ஒளி வளையம். அங்கே உண்மையில் இருப்பது தட்டையான ஒரே ஒரு வாயு வட்டுதான். வட்டின் பின்பகுதி கருந்துளைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் ஒளி கருந்துளையின் தலைக்கு மேலாக வளைந்து நம்மிடம் வருகிறது. கீழ்நோக்கிப் போன ஒளி அடி வழியாக வளைந்து வருகிறது. அதனால் பின்பகுதி மேலேயும் கீழேயும் வளையமாகத் தெரிகிறது. பிரெஞ்சு வானியலாளர் ழான்-பியர் லுமினே 1979-இலேயே கணினியில் கணக்கிட்டு, புள்ளி புள்ளியாகக் கையால் மை வைத்து இந்த உருவத்தை வரைந்துவிட்டார். படத்துக்காக லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனம் தோர்னின் சமன்பாடுகளைக் கொண்டு தனி மென்பொருள் எழுதியது. சில பிரேம்களைக் கணக்கிட மட்டும் 100 மணி நேரம் வரை ஆனது. அந்த வேலை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது, ஆஸ்கரும் வாங்கியது.

அந்தக் கட்டுரையைப் பார்த்தால்தான் திரையில் என்ன விட்டுப்போனது என்பது புரியும். வட்டிலுள்ள வாயு ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கு வேகத்தில் சுற்றுகிறது. நம்மை நோக்கி வரும் பக்கம் மிகப் பிரகாசமாகவும் நீலமாகவும் தெரிய வேண்டும். விலகிப் போகும் பக்கம் சிவந்து, ஏறக்குறைய இருட்டாகிவிட வேண்டும். டாப்ளர் விளைவின் வேலை இது. ரசிகர்கள் குழம்புவார்கள் என்று நோலன் கருதியதால் இதை நீக்கிவிட்டார்கள். ஏழு வருடத்துக்காக அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சுழற்சியையும் படத்தை வரையும்போது உச்ச அளவில் 0.6 பங்காகக் குறைத்தார்கள், உருவம் ஒருபக்கம் சப்பையாகத் தெரியக் கூடாதென்று. 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளியானபோது உலகமே பார்த்தது: வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தெளிவாகப் பிரகாசம். திரையில் விட்டுப்போனது அந்தப் படத்தில் இருந்தது. நீலமும் இருட்டுமான அந்த நிஜ உருவத்தைக் காட்டியிருந்தாலும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

கவனிக்காமல் விட்டவற்றில் பெரியது விண்கலத்தின் பயணம். பூமியிலிருந்து கிளம்ப படத்தின் விண்வெளி வீரர்களுக்குப் பல அடுக்கு ராக்கெட் தேவைப்படுகிறது. பூமியைவிட 30 சதவீதம் ஈர்ப்பு கூடிய அலைக் கிரகத்திலிருந்து அதே சின்னக் கலம் தானாகவே எழும்பிப் போய்விடுகிறது. அதைவிடக் கடினம், கிரகத்தின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது. அது ஒளி வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் கருந்துளையைச் சுற்றுகிறது. அதில் இறங்கவும் திரும்பவும் கலம் தன் வேகத்தை வினாடிக்குச் சுமார் 1 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு மாற்ற வேண்டும். இதுவரை நாம் அனுப்பியவற்றில் மிக வேகமான பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் எட்டியது வினாடிக்குச் சுமார் 192 கிலோமீட்டர். படத்தில் இதற்கு வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த மிச்சமான ஒரு நியூட்ரான் விண்மீனின் ஈர்ப்பைப் பயன்படுத்துவதாக ஒரு வரி வருகிறது. அது போதாது, பல ஆயிரம் சூரிய நிறையுள்ள இன்னொரு கருந்துளையே வேண்டும் என்று தோர்ன் பிறகு விளக்கினார்.

இன்னொன்றும் இருக்கிறது, 2017-இல் செக் இயற்பியலாளர்கள் கணக்கிட்டது. பேரண்டம் முழுக்கப் பரவியிருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். நமக்கு அதனால் எந்தச் சூடும் இல்லை. ஆனால் காலம் 61,000 மடங்கு நீண்ட இடத்தில் நிற்பவருக்கு வெளியிலிருந்து வரும் ஒளி அலைகள் அதே காரணத்தால் நெருக்கப்பட்டு வந்து சேர்கின்றன. நுண்ணலைகள் புற ஊதாக் கதிர்களாகி, வானத்தில் ஒரு சிறு புள்ளியிலிருந்து கிரகத்தின் மேல் கொட்டுகின்றன. அந்தச் சூட்டில் கிரகத்தின் வெப்பநிலை 900 டிகிரியை நெருங்கும் என்பது அவர்களின் விடை. அங்கே அலை எழுவதற்குக் கடல் இருக்காது, இறங்கிய கலத்தின் அலுமினியம்கூட உருகிவிடும்.