15 லிட்டர் பெட்ரோலில் 500 கிலோமீட்டர்

2022-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப் டிரக்கின் பெரிய பேட்டரியில் 131 கிலோவாட்-மணி (மின்கட்டணத்தில் சொல்லும் யூனிட்) மின்சாரம் கொள்ளும். அந்த ஒரு சார்ஜில் 515 கிலோமீட்டர் வரை போகலாம் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. ஆனால் அமெரிக்காவின் வடக்கே கடுங்குளிர் மாநிலமான மினசோட்டாவில், ஜனவரி மாதத்தில், எதிர்காற்று வீசும் நெடுஞ்சாலையில், இந்தத் தூரத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. பேட்டரி கெட்டுவிட்டதோ என்று புதிதாக வாங்கியவர்கள் கவலைப்படுவது இங்கேதான். பேட்டரியில் குறையேதும் இல்லை. அதில் இருக்கும் ஆற்றலே மிகக் கொஞ்சம் என்பதுதான் விஷயம்.

131 கிலோவாட்-மணி என்பது சுமார் 15 லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல். இதே டிரக்கின் பெட்ரோல் வகையில் பெரிய டாங்க் வைத்தால் 136 லிட்டர் பிடிக்கும். ஆனால் பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைத்த ஆற்றலில் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக வெளியே விடுகிறது. மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. அதனால்தான் 15 லிட்டருக்குச் சமமான ஆற்றலில் மூன்று டன் எடையுள்ள வண்டி 500 கிலோமீட்டர் ஓடுகிறது. நான் இதை மாபெரும் பொறியியல் சாதனையாகவே பார்க்கிறேன். ஆனால் அண்டாவிலிருந்து ஒரு கை நீர் சிந்தினால் தெரியாது, சொம்பிலிருந்து சிந்தினால் உடனே தெரியும். குளிரும் காற்றும் வேகமும் எல்லா வண்டிகளிடமிருந்தும் ஆற்றலைப் பறிக்கின்றன. மின்சார டிரக்கில் அது கண்ணுக்குத் தெரிகிறது.

குளிரிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் வண்டியின் ஹீட்டர் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தனிச் செலவில்லை. மின்வண்டியில் அப்படி மிஞ்சும் வெப்பம் அதிகம் கிடைக்காது. கதகதப்பு வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2019-இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில், ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது தூரம் சராசரியாக 12% குறைந்தது. ஹீட்டர் போட்டபோது 41% குறைந்தது. கார்களில் நடந்த சோதனைதான் என்றாலும் பாடம் டிரக்குக்கும் பொருந்தும்: குளிர்கால இழப்பில் பெரும்பங்கு ஓட்டுநர் அறையைச் சூடாக்குவதற்கே போகிறது.

ஹீட்டர் வாங்கும் மின்சாரம் நேரத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததல்ல. அது 5 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போகும் டிரக் ஓடுவதற்கு 28 கிலோவாட்-மணி செலவிட்டால், ஹீட்டரின் 5 ஒரு சிறு கூடுதல். பனிபொழியும் நகர நெரிசலில் அதே ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர்தான் நகர்ந்தால், ஓடுவதற்கு 5, ஹீட்டருக்கு 5. மொத்தச் செலவில் பாதி சூட்டுக்கே போய்விடுகிறது. கோடையில் சிக்கனமாக இருக்கும் நகர ஓட்டம் கடுங்குளிரில் செலவு மிகுந்ததாக மாறுவது இதனால்தான். இருக்கையையும் ஸ்டியரிங்கையும் மட்டும் சூடாக்கிக்கொள்வது மிகக் குறைந்த செலவில் முடியும். லைட்னிங்கில் 2024 மாடலிலிருந்து ஹீட் பம்ப் சேர்க்கப்பட்டது. இது வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதற்குப் பதிலாக வெளிக்காற்றிலிருந்து உள்ளே இறைத்துக் கொண்டுவருவதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு வெப்பம் கிடைக்கிறது. வெளியே குளிர் கூடக்கூட இந்த லாபம் குறையும்.

பேட்டரிக்குள்ளும் குளிர் வேலை செய்கிறது. லித்தியம் அயனிகள் நீந்திச் செல்லும் மின்பகுதிரவம் கெட்டியாகி, உள்மின்தடை கூடுகிறது. உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் எதிர்மின்முனைக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடக்கூடும். அது பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். இதைத் தடுக்கவே கட்டுப்பாட்டுக் கணினி சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித்தரும் மின்சாரத்தையும் பெருமளவு மறுத்துவிடுகிறது. புறப்படுவதற்கு முன், சார்ஜரில் இணைப்பு இருக்கும்போதே அறையையும் பேட்டரியையும் சூடாக்கிக்கொள்வதைவிட நல்ல பழக்கம் குளிர்நாட்டில் வேறில்லை. அந்த வெப்பத்துக்கான செலவு வீட்டு மின்சாரத்தில் போகும், பேட்டரியில் அல்ல.

வெயில் இவ்வளவு கொடுமை செய்வதில்லை. அதே ஏஏஏ சோதனையில், 35 டிகிரியில் ஏசி போட்டு ஓட்டியபோது குறைவு 17%.

என் கணக்கில், ஓட்டுநர்கள் குறைத்து எடைபோடும் எதிரி காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120-க்குப் போனால், காற்றைக் கிழிக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு 44% கூடுகிறது. பிக்கப்பின் பெட்டி போன்ற உருவத்துக்கு நெடுஞ்சாலையில் இதுவே பெரிய செலவு. குளிர்ந்த காற்று அடர்த்தியும் மிக்கது: மைனஸ் 20 டிகிரியில் அது 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 16% கனமாக இருக்கும். குளிரில் டயர் அழுத்தமும் குறைந்து, சக்கரம் உருள்வதற்கான செலவும் கூடும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும்.

எதிர்காற்று வீசினால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிரக்குக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், எதிர்ப்பு 69% கூடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 51% குறையும். போக வர ஈடாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மொத்தத்தில் 9% நஷ்டம்தான்.

ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிப்பது பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. விரைந்து வேகமெடுப்பதால் மட்டும் பெரிய நஷ்டம் வந்துவிடாது. மின்னோட்டம் கூடும்போது மின்தடையால் வரும் இழப்பு அதன் வர்க்கத்தில் கூடும் என்பது உண்மைதான். குளிர்ந்த பேட்டரியில் இது உறைக்கும். உண்மையான செலவு, அப்படி எடுத்த வேகத்தை அடுத்த சிக்னலில் பிரேக்கில் இழப்பது. மூன்று டன் டிரக் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.32 கிலோவாட்-மணி. ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட அது போதும். மோட்டார் அதைத் திருப்பிப் பிடித்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். முன்னால் நடப்பதைப் பார்த்து முன்கூட்டியே காலைத் தளர்த்துபவருக்கு அந்த இழப்பே கிடையாது.

எடை கூடும்போது மலை முக்கியமாகிறது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஏறத்தாழக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போகும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை டானர் கணவாயில் சுமார் 2,200 மீட்டர் ஏறுகிறது. 36 டன் எடையுள்ள சரக்கு டிரக்கை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 216 கிலோவாட்-மணி தேவை. டெஸ்லா தன் ‘செமி’ என்ற கனரக மின்சார டிரக்குக்குச் சொல்லும் மைலுக்கு 2 கிலோவாட்-மணிக்கும் குறைவு என்ற கணக்கில், அது சமதளத்தில் 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடப் போதுமானது. மறுபுறம் நெவாடா மாநிலத்து ரீனோ நகரை நோக்கி இறங்கும்போது இதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம், பேட்டரியில் இடம் இருந்தால். உச்சிக்கருகே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குபவருக்கு அந்த ஆற்றலைச் சேர்த்துவைக்க இடமில்லை. சுமையை பிரேக் கட்டைகளே தாங்க வேண்டும். ஆகவே ஏற்றத்துக்கு முன் அடிவாரத்தில் நிறைய ஏற்றிக்கொண்டு, உச்சியைக் கிட்டத்தட்டக் காலியான பேட்டரியோடு கடப்பதுதான் சிக்கனம். பனிக்காலத்தில் மட்டும், கணவாய் மூடப்பட்டால் வரிசையில் காத்திருக்கும் மணிநேரங்களில் ஹீட்டருக்கு வேண்டியதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.