அந்த 97 எத்தனை மணிக்கு எடுத்தது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறார். பட்டர்வொர்த் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவின் ஆக்சிஜன் அளவு 97. நிம்மதியாக வேலையைத் தொடர்கிறார். ஆனால் அது காலையில் எடுத்த அளவு. அதன்பிறகு விரலில் மாட்டும் கருவியிலிருந்து வீட்டுக் கைப்பேசிக்கு எதுவும் வரவில்லை. செயலியோ பழைய 97ஐயே காட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தபோது பெரியவர் மூச்சுத் திணறிக் கிடந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இப்படி இன்னொன்றைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பினாங்கில் மருத்துவமனைக் கருவிகளோடு வேலை செய்யும் பயோமெடிக்கல் இன்ஜினியர் நான். "புளூடூத் கனெக்ட் ஆயிடுச்சே, அப்புறம் என்ன சார்?" என்று வீடுகளிலும் கேட்கிறார்கள், வார்டிலும் கேட்கிறார்கள்.

கனெக்ட் ஆனால் ஓர் எண் இங்கிருந்து அங்கே போகும். அவ்வளவுதான். அது யாருடையது, எந்த அளவையில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எடுத்தபோது விரல் சரியாக உள்ளே இருந்ததா? இவை கூடவே வராத எண்ணை நம்பி ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. மருத்துவக் கருவிகள் அளவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான ஐஎஸ்ஓ/ஐஇஇஇ 11073 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு அளவுக்கும் தனிக் குறியீடு, அலகு, நேரம் எல்லாம் வைத்தது இதற்காகத்தான். நான் எந்த வார்டுக்குப் போனாலும் முதலில் மானிட்டரின் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். அடுத்தடுத்த கட்டில்களிலேயே சில நிமிட வித்தியாசம் இருக்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்கு மார்ஃபின் செலுத்தும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வலித்தால் நோயாளியே பொத்தானை அமுக்கலாம். மருந்து மிஞ்சினால் மூச்சு மெதுவாகி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிமீட்டருக்கு அது தெரியும், பம்புக்குத் தெரியாது. இரண்டையும் பேசவைத்தால் பம்பை நிறுத்திவிடலாமே என்பீர்கள். பாஸ்டனில் மயக்கவியல் மருத்துவர் ஜூலியன் கோல்ட்மேன் 2004இல் தொடங்கிய திட்டம் இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் மல்லுக்கட்டியது. விரலிலிருந்து கருவி நழுவினால் பொய்யான அளவு வரும், பம்ப் நிற்கும், நோயாளி வலியில் துடிப்பார். சரி, இரண்டையும் இணைக்கும் கேபிளே கழன்றுவிட்டால்? ஒரு வழி இருக்கிறது. பம்புக்குச் சில நிமிடங்களுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. புது அனுமதி வராவிட்டால் அது தானாக நின்றுவிடும். வென்டிலேட்டரில் நேர்மாறு. இணைப்பு அறுந்தாலும் அது பாட்டுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுந்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசிப்பவர்தான் இந்தத் துறைக்கு ஆள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சேரும் நம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நர்ஸ் மிஸ்ஸிமாரே, உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: முந்தைய நோயாளியின் பெயரை மானிட்டரிலிருந்து எடுக்காமல் அடுத்தவரைப் படுக்கவைக்காதீர்கள். இவருடைய அளவு அவருடைய பதிவேட்டுக்குப் போய்விடும். முனை பொருந்துகிறதே என்று வேறு பிராண்டு சென்சாரையும் மாட்டாதீர்கள். ஒரே மாதிரி முனை இருந்தாலும் அளவு தப்பலாம், தோல்கூடச் சுட்டுவிடலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: செயலியில் எண்ணைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள். நேரம் காட்டாத செயலியை அழித்துவிடுங்கள். கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். மலேசியாவின் மருத்துவக் கருவிச் சட்டமான சட்டம் 737இன்படி மருத்துவக் கருவிகளை இங்கே விற்பதற்கு முன் எம்டிஏ என்ற மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், முழிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வரும் ரத்தச் சர்க்கரை மீட்டர் மில்லிகிராமில் காட்டும், நம் கிளினிக்குகளில் மில்லிமோல். அங்கே 126 என்றால் இங்கே 7.0. நீங்கள் இங்கே எடுத்த 10.8ஐ, புள்ளியைக் கவனிக்காமல் 108 என்று சென்னைத் தம்பியிடம் சொன்னால், "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் கணக்கில் உங்கள் 10.8 என்பது 194! எண்ணோடு அலகையும் சேர்த்தே சொல்லுங்கள், எழுதுங்கள். மீட்டரை மாற்றினால் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

திரையில் எந்த எண் இருந்தாலும் சரி, பெரியவர் மூச்சு விட முடியவில்லை என்று சொன்னால் செயலியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 999ஐ அழையுங்கள்.