எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் தொடை இடுக்கு வலிக்கிறதா?

குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் என்னிடம் வந்தால், பலரும் முழங்காலைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். படுக்கவைத்து, காலை மடக்கி இடுப்பு மூட்டை உட்புறமாகத் திருப்பிப் பார்ப்பேன். தொடை இடுக்கில் சுரீரென்று பிடித்தால் கோளாறு முழங்காலில் இல்லை, இடுப்பு மூட்டில்தான்.

இடுப்பு மூட்டுக்குள் பந்துபோல் பொருந்தியிருக்கும் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாவிட்டால் அந்த எலும்பு சாகத் தொடங்கும். ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி, அடிபடுதல் ஆகியவை தெரிந்த காரணங்கள். இவை ஒன்றும் இல்லாத இளவயதுக்காரருக்கு வந்தால் குடும்பத்தை விசாரிப்பேன். யாருக்காவது காலில் ரத்தம் கட்டி வீங்கியதா? சின்ன வயதில் பக்கவாதம் வந்ததா? கரு அடிக்கடி கலைந்ததா? "என் இடுப்பு வலிக்கும் எங்க அக்காளுக்க கரு கலைஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவற்றின் குறைபாடு, 1994-ல் கண்டறியப்பட்ட ஃபேக்டர் ஃபைவ் லைடன் மரபணு மாற்றம் போன்றவை ரத்தத்தைச் சட்டென உறையவைக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் காலிலும் இன்னொருவருக்குத் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக்குழாயிலும் அது வெளிப்படலாம்.

இங்கேதான் ரத்தத்தை இளக்கும் மருந்துக்கு வேலை. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உறைதல் கோளாறு உள்ளவர்களுக்குத் தினமும் 60 மில்லிகிராம் எனாக்சபாரின் ஊசியை 12 வாரம் போட்டார்கள். வேறு காரணம் இல்லாமல் எலும்பு செத்த 20 மூட்டுகளில் 19, இரண்டு ஆண்டுக்குப் பிறகும் மோசமாகவில்லை. ஸ்டீராய்டால் வந்த 15 மூட்டுகளில் 12 மோசமாயின. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் இதையே சொல்லிவிட முடியாது. ஆனாலும் எலும்புத் தலை நொறுங்குவதற்கு முன்னால் வந்தவரிடம் இதைப் பேசாமல் விடுவது சரியில்லை என்பது என் கருத்து. நொறுங்கிய பிறகு மருந்தால் பழைய வடிவம் வராது. பெரும்பாலும் மூட்டு மாற்றுதான்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ தான் காட்டும். அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றதும் எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். உறைதல் பரிசோதனைக்கான ரத்தத்தை மருந்து தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால் புரோட்டீன் சி, எஸ் அளவுகள் குறைவாகக் காட்டும்.

ஊசி போடும் காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. டைக்ளோஃபெனாக் மாதிரியானவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, அடுத்த ஊசிக்கு முன் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.