நாற்பது தாண்டினால் 4,000 வெள்ளி: எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

2024 மே மாதத்திலிருந்து, 40 வயதை எட்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவர் பெயரிலும் 4,000 வெள்ளி பயிற்சித் தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. இன்று 38 வயதில் இருப்பவருக்கு 40 ஆகும்போது தானாகவே வந்துவிடும். ரொக்கமாக எடுக்க முடியாது. மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கவும் முடியாது. காலாவதி மட்டும் கிடையாது என்பதால் அவசரப்பட்டுச் செலவழிக்கத் தேவையில்லை.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்பது சிங்கப்பூர் அரசாங்கத்தின் திறன் வளர்ப்பு இயக்கம். அதன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெரிய ஏற்பாட்டில் இந்தத் தொகை ஓர் அங்கம்தான். ஆனால் காப்பிக்கடைப் பேச்சு முழுவதும் இந்த 4,000 வெள்ளியையே சுற்றி வருகிறது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மீண்டும் படிக்கத் தயங்குவதற்குக் கட்டணம் ஒரு காரணம் என்றாலும், படிக்கும் மாதங்களில் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது என்ற கேள்விதான் அவரை உட்கார வைத்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இதே திட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதற்குப் பயிற்சிப் படித்தொகை என்று பெயர். தொகையைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் படித்தொகையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் விழுந்த பணம் ஒரே வகையானதன்று. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2016 ஜனவரியில் கொடுத்த 500 வெள்ளி முதலாவது. அதற்கும் காலாவதி இல்லை. 2020இல் ஒருமுறை மட்டும் தரப்பட்ட 500 வெள்ளியும், அப்போது 40 முதல் 60 வயதுக்குள் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தரப்பட்ட இன்னொரு 500 வெள்ளியும் வேறு கணக்கு. அவை இரண்டும் 2025 டிசம்பர் 31உடன் முடிந்துபோயின. அண்மையில் இருப்பைப் பார்த்துவிட்டு, ஆயிரம் வெள்ளி எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. மீட்க வழியில்லை.

இப்போது 4,000 வெள்ளி. பழைய 500 வெள்ளி பரந்த பட்டியலுக்குச் செல்லும். இரண்டு நாள் கணினிப் பயிலரங்கு முதல் மொழி வகுப்பு வரை அதில் பலவும் உண்டு. 4,000 வெள்ளிக்கான பட்டியல் வேண்டுமென்றே குறுக்கப்பட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் முழுத் தகுதிப் படிப்புகள், வேலை மாற்றத்துக்கென்றே வடிவமைத்த பயிற்சிகள், படிப்படியாக உயரும் சம்பள முறைக்கு (திறன் கூடக் கூடக் குறைந்தபட்சச் சம்பளமும் உயரும் ஏற்பாடு) உட்பட்ட துறைகளின் பயிற்சிகள் போன்றவைதான் அதில் இடம்பெறும். வேலையோ சம்பளமோ உயர வழிசெய்யும் படிப்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். பொழுதுபோக்குக்காகக் கேக் செய்யப் பழக விரும்புபவர் சொந்தப் பணத்தில்தான் போக வேண்டும். இந்தக் கண்டிப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

அடுத்து, தொகை எந்த வரிசையில் கழிகிறது என்பது. விளம்பரத்தில் 15,000 வெள்ளி என்று பார்த்தவுடன், நாலாயிரம் போக மீதி பதினோராயிரத்துக்கு எங்கே போவது என்று பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. அரசாங்க மானியம் முதலில் கழியும். அதற்குப் பிறகு உங்கள் பங்காக மிஞ்சுவதிலிருந்துதான் 4,000 வெள்ளி கழியும்.

கிடங்கு நிர்வாகத்தில் மாதம் 3,600 வெள்ளி வாங்கும் 46 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தரவுப் பகுப்பாய்வுக்கு மாற விரும்பி, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தின் கீழ் ஆறு மாத முழுநேரப் பயிற்சியில் சேர்கிறார். கட்டணம் 15,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இந்தத் திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆகவே 13,500 வெள்ளியை அரசாங்கம் ஏற்கும். மீதி 1,500 வெள்ளி அவருடைய 4,000 வெள்ளியில் கழிந்துவிடும். பொருள் சேவை வரியை எளிமைக்காக இங்கே சேர்க்கவில்லை. ஆக, கையிலிருந்து கட்டணமாக எதுவும் போகவில்லை. கணக்கில் 2,500 வெள்ளி இன்னும் இருக்கிறது.

ஆனால் ஆறு மாதமும் அவருக்குச் சம்பளம் இல்லை. படித்தொகை இங்கேதான் வருகிறது. பதிவில் உள்ள அண்மைய 12 மாத வருமானத்தின் சராசரியில் பாதி மாதந்தோறும் கிடைக்கும். அவருக்கு 1,800 வெள்ளி. உச்சவரம்பு 3,000 வெள்ளி என்பதால் 7,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 3,500 வராது, 3,000தான் வரும். பகுதிநேர வேலையில் 500 வெள்ளி ஈட்டியவருக்குப் பாதி 250தான் என்றாலும், குறைந்த அளவு 300 என்று வைத்திருப்பதால் 300 கிடைக்கும். ஒருவர் வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குப் படித்தொகை பெறலாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்புகளுக்கு 2025 முதல் இது நடப்பில் இருக்கிறது.

நம் கிடங்குக்காரருக்கு மாதம் இன்னும் 1,800 வெள்ளி துண்டு விழுகிறது. ஆறு மாதத்துக்கு 10,800 வெள்ளி. படிப்பின் உண்மையான விலை இதுதான்; கட்டண அட்டையில் இது அச்சிடப்படுவதில்லை. வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் தாங்கலாம். இல்லையென்றால் சேர்வதற்கு முன் அந்தப் பணத்தைத் தனியே எடுத்துவைத்திருக்க வேண்டும். பாதியில் பணத் தட்டுப்பாட்டால் படிப்பை விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி வந்திருக்கிறது. தகுதிபெறும் பகுதிநேரப் படிப்புகளில் சேர்பவர்களுக்கு மாதம் 300 வெள்ளி நிலையான படித்தொகை தருவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து, 2026இலிருந்து நடைமுறைப்படுத்த வகைசெய்திருக்கிறார்கள். புத்தகம், போக்குவரத்து போன்ற செலவுகளுக்கு அது உதவும். வேலை முடிந்து களைத்து வந்து இரவு ஏழு மணி வகுப்பில் உட்காரும் சிரமத்துக்கு 300 வெள்ளி ஈடாகாதுதான். ஆனால் சம்பளமும் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கான சந்தாவும் நிற்காமல் ஓடுகின்றன என்பதால், குடும்பப் பொறுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இதுவே பத்திரமான பாதை என்பேன்.

வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2022இல் தொடங்கிய இது மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை போகும். பாடத்தோடு வேலை தேடவும் உதவுவது இதன் சிறப்பு. 21 முதல் 39 வயது வரையிலான சிங்கப்பூரர்களுக்கு 70 விழுக்காடு மானியம். ஆறு மாதத்துக்கும் மேலாக வேலையில்லாமல் இருப்பவர்கள், வேலைநலன் துணை வருமானம் (குறைந்த சம்பள ஊழியர்களுக்கான அரசாங்க உதவி) பெறுபவர்கள், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்கு 95 விழுக்காடு வரை உண்டு. 4,000 வெள்ளிக்கு 40 வயது வேண்டும் என்பதால் இளையவர்கள் தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த 70 விழுக்காடு சின்ன விஷயமன்று.

முன்பே பட்டமோ பட்டயமோ பெற்றவர், 40 வயதுக்குமேல் இன்னொரு முழுநேரப் பட்டயம் படித்தால் அதற்கும் 2025 கல்வியாண்டு முதல் மானியம் உண்டு. முதல் பட்டயத்துக்கு மட்டுமே அரசாங்க மானியம் என்ற பழைய வரம்பு இவர்களுக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முழு மூன்றாண்டுப் படிப்பாக இருந்தால் 24 மாதப் படித்தொகை கடைசி ஆண்டுக்கு எட்டாது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: பெரும்பங்கு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து. அதோடு, 1979 முதல் முதலாளிகள் செலுத்தும் திறன் மேம்பாட்டுத் தீர்வையும் இருக்கிறது. ஒவ்வோர் ஊழியருக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி. இது உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதில்லை; முதலாளி தனியே கட்டுவது. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும்.

வளர்ந்தவர்களைத் திரும்ப வகுப்பறைக்கு அழைப்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. தொடக்கநிலை ஆறு அளவுக்குக்கூட ஆங்கிலமும் கணக்கும் எட்டாத தொழிலாளர்களுக்காக 1983இலேயே அடிப்படைக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. அன்று வந்தவர்கள் பள்ளியில் கிடைக்காமல் போனதைப் பெற வந்தார்கள். இன்று வருபவர்களில் பலர் நன்றாகவே படித்தவர்கள்; அவர்கள் படித்த வேலைதான் மாறிவிட்டது. ஆகவே வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

ஏமாற்றுப் பேர்வழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017இல் ஒரு கும்பல் ஒன்பது நிறுவனங்களைப் பயன்படுத்தி, நடக்காத பயிற்சிகளுக்குப் போலிக் கோரிக்கைகள் போட்டு ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டியது அம்பலமானது. அதற்குப் பிறகு கண்காணிப்பு இறுகிவிட்டது. ஆனாலும், "பெயரை மட்டும் பதிவு செய்யுங்கள், வகுப்புக்கு வரத் தேவையில்லை, பாதிப் பணத்தைக் கையில் தருகிறோம்" என்று யாராவது வந்தால், அது சலுகையன்று, குற்றம். உடன்படுபவரும் மாட்டுவார். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லைப் பயிற்சி நிலைய ஊழியரிடம், அவர் எவ்வளவு நட்பாகப் பேசினாலும், கொடுக்காதீர்கள். கோரிக்கையை மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நீங்களே சமர்ப்பிக்கலாம். அதை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

வேலை ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது: 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், நோய் போன்ற காரணங்களால் தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு இது. முன்பு சராசரியாக மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் ஈட்டாதவராக இருக்க வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500, பிறகு 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களுக்கு 750 வீதம். தானாக வந்து விழாது. வேலைக்கு விண்ணப்பித்தல், பயிற்சிக்குப் போதல், ஆலோசகரைச் சந்தித்தல் போன்ற முயற்சிகளுக்கு மாதந்தோறும் புள்ளிகள் சேர்த்தாக வேண்டும். ராஜினாமா செய்துவிட்டு வந்தவர்களுக்குக் கிடைக்காது.

நிரந்தரவாசிகளுக்கு 4,000 வெள்ளியும் கிடையாது, 500 வெள்ளியும் கிடையாது. பல படிப்புகளின் அடிப்படை மானியம் மட்டும் உண்டு. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. கட்டுமானத் துறை ஊழியர்களுக்கு உயர்திறன் தகுதி பெறத் தனி வழி இருக்கிறது. அதை முதலாளி மூலமாகவே விசாரிக்க வேண்டும்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இன்று எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: நீங்கள் போக விரும்பும் பதவிக்கான பத்து வேலை விளம்பரங்களை எடுத்து, அவை கேட்கும் திறன்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு பாடத்திட்டத்தைப் பாருங்கள். பயிற்சி நிலையத்திடம், முந்திய அணியில் எத்தனை பேர் எந்த மாதிரி வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.

தனியாகத் தேர்ந்தெடுக்கத் தயக்கமாக இருந்தால் ஆலோசகரிடம் பேசலாம். பாய லேபாரில் வாழ்நாள் கற்றல் கழகம் இருக்கிறது. ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகத்தில் தொழிலாளர் இயக்கத்தின் வேலைவாய்ப்பு நிலையம் இயங்குகிறது. போகும்போது சுயவிவரக் குறிப்பையும், கடந்த ஓராண்டு மத்திய சேம நிதிச் சந்தாப் பதிவையும், விரும்பும் படிப்பின் பாடத்திட்டத்தையும் கொண்டுசெல்லுங்கள். படித்தொகை எவ்வளவு வரும் என்பதை அந்தச் சந்தாப் பதிவை வைத்தே ஓரளவு கணித்துவிடலாம்.