பனிக்கால விருந்தாளியைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்போம்

காட்டுயிர் மருத்துவராக இருப்பதால் பறவைகளை நான் பெரும்பாலும் கையில் வைத்துத்தான் பார்க்கிறேன். பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை. கைக்கு வருவதெல்லாம் நோயாளிகள். நல்ல உடல்நிலையில் உள்ள பறவையைப் பார்க்க நானும் எல்லோரையும் போல இருநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீர்க்கரைக்குத்தான் போகவேண்டும். அதற்கு வாகான பருவம் பனிக்காலம்.

வடக்கே நீர்நிலைகள் உறையத் தொடங்கியதும் வாத்துகளும், உள்ளான் போன்ற கரைப்பறவைகளும் தெற்கே இறங்கிவிடும். வாத்துகளை அடையாளம் காண்பது சுலபம். ஆண்கள் பனிக்காலத்திலேயே ஜோடி தேடத் தொடங்குவதால் பளிச்சென்று இருக்கும். ஊசிவால் வாத்தையும் தட்டைவாயனையும் முதல் நாளே பெயர் சொல்லிவிடலாம். கரைப்பறவைகள் அப்படியில்லை. எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. புதியவர்கள் பலர் இங்கேதான் சலித்துப்போகிறார்கள். எனக்கென்னவோ சுவாரசியமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். உள்ளான் நிற்கும்போதும் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். கொசு உள்ளான் தையல் மிஷின் ஊசிபோல ஓயாமல் சேற்றைக் குத்தும். பட்டாணி உப்புக்கொத்தி குடுகுடுவென ஓடும், சட்டென நிற்கும், ஒரு காலை மட்டும் முன்னால் வைத்து ஈரமண்ணில் படபடவென நடுக்கும். அந்த அதிர்வில் ஏதாவது அசைந்தால் ஒரு கொத்து, மறுபடி ஓட்டம்.

அபூர்வப் பறவையைக் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வழக்கமாக வருபவற்றின் நடை மனதில் பதிந்துவிட்டால், கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மேய்வது தானாகவே கண்ணில் படும். உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். வெள்ளையாகத் தெரிவது நிறமிக் குறைபாடுள்ள சாதாரணப் பறவையாக இருக்கலாம். கூண்டிலிருந்து தப்பியதாகவும் இருக்கலாம். கால் நிறம், அலகின் நீளம், பறக்கும்போது முதுகிலும் சிறகிலும் தெரியும் வெள்ளை, குரல் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் பிறகு வரட்டும்.

சில சமயம் உண்மையிலேயே வழிதவறியது வந்து நிற்கும். ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் ஜப்பானிலும் இருக்கவேண்டிய ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2021இல் டெக்சாஸில் தென்பட்டு, டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையை எட்டியது. அது வளர்ந்த பறவை. ஆனால் வழிதவறி வருபவற்றில் பல, முதல் வலசையில் இருக்கும் இளசுகள். காரணத்தின் ஒரு பகுதியை டச்சு ஆய்வாளர் பெர்டெக் 1958இல் காட்டினார். வலசை வந்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை நெதர்லாந்தின் ஹேக் நகரருகே பிடித்து, வளையமிட்டு, சுவிட்சர்லாந்தில் விடுவித்தார்கள். மூத்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடம் நோக்கிப் போயின. இளசுகளோ பிறவியிலேயே அமைந்த அதே திசையில் தொடர்ந்து பறந்து, பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின.

இளசு என்றால் பலவீனம் என்று அர்த்தமல்ல. 2022இல் ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. இந்த இனம் புறப்படும்போது உடல் எடையில் பாதியளவு கொழுப்பாகவே இருக்கும். குடலும் ஈரலும்கூடச் சுருங்கியிருக்கும். போய்ச் சேரும்போது அந்தக் கொழுப்பு தீர்ந்திருக்கும். கையிருப்பு தீர்ந்த பறவையைக் கையில் எடுத்தால் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது மார்பெலும்பின் விளிம்புதான். இரண்டு பக்கமும் திரண்டிருக்க வேண்டிய தசை வற்றி, எலும்பு கத்தி முனையாக நிற்கும். இறகுகள் மூடியிருப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கொழுகொழுவென்றுதான் தோன்றும்.

அதனால்தான் படம் எடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அதுவே எல்லை; அங்கேயே நில்லுங்கள். தலையை வெட்டி வெட்டி ஆட்டினாலோ, எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ இரண்டடி பின்னே போங்கள். அலகை இறகுக்குள் செருகி ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் பறக்கவிட்டு எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை. ட்ரோனும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டவே வேண்டாம். ஆந்தை போன்றவை பகலில் தங்கும் மரத்தைச் சமூக வலைத்தளத்தில் அறிவிக்காதீர்கள். மறுநாள் அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள். சிரமமே இல்லாத மாற்று ஒன்று உண்டு. வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். பல சமயம் பறவையே மேய்ந்தபடி உங்கள் பக்கம் வரும். அப்படி வந்த பறவை தரும் சந்தோஷம், துரத்திப் பிடித்த படத்தில் கிடைக்காது.

கிட்டே போயும் பறக்காத பறவையைக் கண்டால் மட்டும் சந்தேகப்படுங்கள். முதலில் விலகி நின்று கவனியுங்கள். சிறகு தொங்கினாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்கோ அருகிலுள்ள மீட்பு மையத்துக்கோ சொல்லுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சொன்னால், கையுறையோடு துணியால் மூடி எடுத்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் செத்த பறவையையும் வெறுங்கையால் தொடக்கூடாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் ரொட்டியும் வேண்டாம். மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் பெட்டியை இருட்டிலும் அமைதியிலும் வைத்திருங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.