மல்பெரி ஜாமில் எலுமிச்சைக்கு என்ன வேலை?

எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் மல்பெரிச் செடி வளர்கிறது. முசுக்கொட்டை என்று தமிழில் நல்ல பெயர் இருந்தாலும், பட்டுப்புழுவுக்காக இதை ஏக்கர் கணக்கில் வளர்க்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகள்கூட மல்பெரி என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு இலைதான் வேண்டும், எனக்குப் பழம். குயிலுக்கும் பழம்தான் வேண்டும் என்பது சிக்கல். பழம் கறுக்கும் நாள் எனக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஆறு மணிக்கு மாடி ஏறினால் காம்புதான் மிச்சம்.

குயிலை முந்துவதற்காக ஒருமுறை சிவப்பாக இருக்கும்போதே பறித்து, அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டு நாளில் சுருங்கியதே தவிர இனிக்கவில்லை. வாழைத்தாரை வெட்டி வைத்தாலும் பழுத்து இனிக்கிறதே என்றால், வாழைக்காய்க்குள் மாவுச்சத்து குவிந்திருக்கிறது. அதுதான் பிறகு சர்க்கரையாகிறது. மல்பெரியில் அப்படிப்பட்ட இருப்பு இல்லை. இலை சமைக்கும் சர்க்கரை காம்பு வழியாக வந்துகொண்டிருக்கும் வரைதான் இனிப்பு ஏறும். ஆகவே முழுக்கக் கறுத்து, விரல் பட்டதும் கையோடு வரும் பழத்தைத்தான் பறிக்க வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள் விடலாம். இப்போது செடிக்கு வலை போட்டிருக்கிறேன்.

பறித்தபின் அவகாசம் குறைவு. மல்பெரி பலாவின் குடும்பம். பலாவைப் போலவே பல பூக்கள் ஒன்றாகத் திரண்டு உருவாகும் கூட்டுக்கனி. பலாச்சுளை என்று நாம் தின்பது பூவின் இதழ்கள் சதைபிடித்தது. மல்பெரியின் ஒவ்வொரு மணியும் அதே கதைதான். ஆனால் பலாவுக்கு முள்தோல் இருக்கிறது. மல்பெரிக்கு மெல்லிய படலம் மட்டுமே. ஒன்றின் மேல் ஒன்று அழுந்தினாலே சாறு கசியும். சென்னை வெக்கையில் ஈஸ்ட் நுழைந்து மாலைக்குள் கள் வாசம் வந்துவிடும். கழுவாமல், அகலமான பாத்திரத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

வாளிச்செடி தினமும் ஒரு கைப்பிடிதான் தரும் என்பதால், நான் கழுவித் துடைத்துத் தட்டில் பரப்பி உறையவைத்து, கட்டியானதும் பையில் சேர்க்கிறேன். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். அதனால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிச் செல்சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் பழம் துவண்டு போகும். தின்ன நன்றாக இராது. ஜாமுக்கோ அதுவே வசதி, சாறு தானாக இறங்கும்.

என் முதல் ஜாம் சர்பத்தாகத்தான் முடிந்தது. நன்றாகக் கறுத்த பழமும் சர்க்கரையும் மட்டும் போட்டுக் கிளறியதால் வந்த வினை. ஜாம் உறைவது பெக்டின் என்ற நார்ப்பொருளால். அதன் நீண்ட இழைகள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சாற்றில் மிதக்கும். அமிலம் சேர்ந்தால் அந்த மின்னேற்றம் தணியும். சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இழைகள் வேறு வழியின்றி ஒன்றோடொன்று பின்னி வலையாகும். கறுத்த மல்பெரியில் இந்த அமிலம்தான் பற்றாக்குறை. செங்காயில் அமிலமும் அதிகம், பெக்டினும் அதிகம். அதனால் அரைக் கிலோவில் கால் பங்கு சிவப்புப் பழமாக எடுத்து, 400 கிராம் சர்க்கரையும் ஒரு பெரிய எலுமிச்சையின் சாறும் சேர்க்கிறேன். கடையில் பெக்டின் பொடி தேடியதில்லை.

பதம் 105 டிகிரி. தண்ணீர் வற்றச் சர்க்கரையின் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடக் கொதிநிலை ஏறும். தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் ஐந்து டிகிரி என்பதுதான் கணக்கு, எனவே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஊட்டி உயரத்தில் 98-க்கு அருகிலேயே இறக்க வேண்டியிருக்கும். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு சுருங்கினால் அடுப்பை அணைக்கலாம்.

சர்க்கரை குறைத்து வெறும் கூழாகப் பாட்டிலில் அடைப்பவர்களுக்கு எலுமிச்சை இன்னும் முக்கியம். பி.எச். என்பது அமிலத்தின் அளவுகோல், எண் ஏற ஏற அமிலம் குறைவு. கறுத்த மல்பெரியின் பி.எச். 4.6-ஐத் தாண்டுவதுண்டு. அதற்கு மேல் போனால், காற்றில்லாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சு உண்டாக்க இடம் கிடைக்கும். நிறத்திலோ வாசனையிலோ அது தெரிய வேண்டும் என்பதில்லை. எலுமிச்சை சேர்த்தாலும் அந்தக் கூழை ஃப்ரீசரில் வைப்பதையே நான் விரும்புவேன்.

ஆப்கானிஸ்தானில் மல்பெரியை வெயிலில் காயவைத்துக் குளிர்காலம் முழுக்கத் தின்கிறார்கள். இங்கே முயன்றேன். வடாம் காயும் வெயிலில் பழமும் காய்கிறது, உண்மை. ஆனால் கடற்காற்றின் ஈரத்தைப் பழச்சர்க்கரை மறுபடி உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது, மழைக்கால வெல்லம் போல.

கறையைப் பற்றி ஒன்று. மல்பெரிக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டால் நீலமாகும். ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். பிழிந்த எலுமிச்சை மூடியை அங்கே தேய்த்தால் மீண்டும் சிவக்கும். நிறம் மாறியதே தவிரக் கறை போய்விடவில்லை. முதலில் எலுமிச்சையைத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அதற்குப் பிறகுதான் சோப்பைத் தொட வேண்டும்.